நிவாரணமும் உரித்தும்

நல்ல சம்பளம் வரும் வீட்டில் குழந்தைக்கான அரசுக் கொடுப்பனவைக் கேட்பது தகாது என்று எண்ணி, நம்மவருள் சிலர் அதனைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர். அண்மையில், நாங்கள் குடியேறி வாழும் இந்நகரின் லின்ஃபீல்ட் பகுதியில், ஒரு பிறந்தநாள் விருந்தில் இளந்தாய் ஒருவர் அவ்வாறே சொல்லக் கேட்டேன். எங்கள் வீட்டிலும் ஒரேயொரு சொல்லின் பொருட்டு அது கைநழுவிப் போக இருந்தது. ஆதலால் நடந்ததை எழுதிவைப்பது கடமை எனக் கருதுகிறேன்.

என் மகன் பொறியியலாளன், ஊதியம் குறைவானதன்று. மூத்த பிள்ளையைப் பார்ப்பதற்கென்று வேலையை விட்ட மருமகளுக்கு இரண்டாவது குழந்தையும் பிறந்திருந்தது. வீட்டில் குறையொன்றுமில்லை, ஆயினும் அவள் பெயருக்கென்று ஒரு சதமும் வருவதில்லை. மகனுடைய கணக்கின் அட்டையையே அவள் பயன்படுத்தினாள். சான்ட்ரிங்ஹாமில் உள்ள மளிகைக் கடையில் அவள் அட்டையைக் கருவியில் வைத்த கணமே, அலுவலகத்தில் இருக்கும் அவனுடைய கைபேசி ஒலித்துத் தொகையைக் காட்டும்.

"இண்டைக்கு முருங்கைக்காய் நல்ல விலை போல?" என்று மாலையில் பகடியாகத்தான் கேட்பான். அவளும் சிரிப்பாள். ஒருநாள் சிரிக்கவில்லை.

"பிள்ளைக்கு ஒரு பெனிஃபிட் குடுக்கினமாம். பிள்ளையைப் பாக்கிற ஆளின்ரை கணக்குக்குத்தான் போடுவினமாம். கேட்டுப் பாக்கட்டே?"

மகனின் முகம் மாறிற்று. "நிவாரணமோ? எனக்கு வாற சம்பளத்துக்கு நாங்கள் நிவாரணம் எடுக்கிறதோ?"

பெனிஃபிட்டை அவன் நிவாரணம் என்றது வெறும் மொழிபெயர்ப்பன்று. ஊரில் போரால் இடம்பெயர்ந்து நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் அவன் சிறுவன். நிவாரண அட்டையும் பையுமாக என்னோடு வரிசையில் நிற்பான். அரிசியும் பருப்பும் அளந்து முடியும்வரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். எங்களுக்கு அச்சொல்லின் பொருள் அதுவே. வேறு பொருள் இல்லை.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. பெனிஃபிட் எண்டால் என்ன?" என்றான் மகன்.

"பயன், நலன், பேறு…" என்று நான் தொடங்கினேன்.

"அகராதியை மூடுங்கோ அப்பா! இப்ப தந்துபோட்டு, பிறகு 'உனக்குச் சம்பளம் அதிகம், திருப்பிக் கட்டு' எண்டுவாங்கள். தேவையோ எங்களுக்கு?"

அந்த அச்சம் நியாயமற்றதன்று. மருமகளோ, "அப்ப அவையளிட்டையே கேப்பம். இல்லையெண்டால், இனி இதைப்பற்றி நான் கதைக்கமாட்டன்" என்றாள்.

மறுநாள் மகன் வீட்டிலிருந்தே வேலை செய்தான். அவள் உணவுமேசையில் கைபேசியை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, இக்கொடுப்பனவை வழங்கும் வரித் திணைக்களத்தை அழைத்தாள். நெடுநேரம் இசை ஒலித்தபின் பெண் அலுவலர் ஒருவர் பேசினார். அவர் வினவுமுன்பே, குற்றத்தை ஒப்புக்கொள்பவள்போல், மருமகள் கணவனுடைய ஊதியத்தைக் கூறினாள். குழந்தையின் முதலாண்டில் வீட்டு வருமானம் கணக்கிலெடுக்கப்படுவதில்லை என்றும், அதன் பின்னரே அது பார்க்கப்படும் என்றும், அப்போது இந்த ஊதியத்துக்குக் கொடுப்பனவு நின்றுவிடும் என்றும் அவர் அமைதியாக விளக்கினார். ஊதியம் மிகுதி என்பதற்காக முதலாண்டுத் தொகையைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதும் தெளிவாயிற்று. மகன் மடிக்கணினியை மூடினான்.

அடுத்து அவர் கேட்டது, குழந்தையை முதன்மையாகப் பராமரிப்பவர் யார் என்பது.

"நான் வேலை செய்யிறேல்லை, சும்மா வீட்டிலதான்" என்று எவர்க்கும் மறுமொழி கூறிப் பழகியவள் மருமகள். அந்த மறுமொழி இக்கேள்விக்குப் பொருந்தவில்லை. மகன் மேசைமீது குனிந்து, ஆங்கிலத்தில், "என் மனைவிதான். முழுக்க முழுக்க அவர்தான்" என்றான்.

அழைப்பு முடிந்தது.

"கேட்டனீங்களே? 'என்டைட்டில்ட்' எண்டு அந்த அலுவலர் சொன்னவா" என்றாள் மருமகள். "நிவாரணம் இல்லை. உரித்து."

"உரித்தாம்! வீட்டுக்குள்ள ஒரு அப்புக்காத்து இருக்கிறது தெரியாமப் போச்சே!" என்று மகன் அவளை வழக்கறிஞராக்கினான்.

"ஓம், இனிமேல் என்னோட பாத்துக் கதையுங்கோ."

மூவரும் சிரித்தோம். உரிமை என்னும் பொருளில், காணி உறுதிப் பத்திரங்களிலும் வழக்குகளிலும் நான் எத்தனையோ முறை படித்த சொல் அது. அன்று என் நாவுக்கு வரவில்லை. அவள் வாயிலிருந்து அது வந்தபோது, முகாம் வரிசையின் பாரம் ஒன்று என் மார்பிலிருந்து இறங்கியதாக உணர்ந்தேன்.

சில வாரங்களின்பின் ஒரு காலை, "வந்திட்டுது மாமா!" என்று அவள் தன் கணக்கைக் காட்டிய கைபேசியை என்னிடம் நீட்டினாள். அருகில் நின்ற மகன் எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தான். பின்பு கேளாமலே, தன் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இங்கே குறித்த விதி அக்காலத்துக்குரியது. இப்போது முதலாண்டிலும் வருமானம் பார்க்கப்படுவதாகக் கேள்வி. அலுவலர் சொன்னதை நான் மேசையின் மறுபுறமிருந்து, மந்தமான செவியோடு கேட்டவன். ஆகவே விதியிலோ சொல்லிலோ பிழை காண்போர் தயங்காது திருத்தி அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.