கப்பல் படத்துக்குக் குரல் கொடுத்தவன்

இது கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் காதுக்குக் கீழே தொடங்கி அந்தப் பக்கம் வரை ஓடும் தழும்பை எந்தக் கதாசிரியனும் எனக்கு எழுதித் தரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், எனக்கென்ன!

1976, மாசி மாதம். மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி ஒரு டூரிங் கொட்டாய் போட்டிருந்தார்கள். அங்கே எனக்கு வாய் வேலை. இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் என்ன பேசுகிறான் என்று எனக்கு மட்டும் தெரியுமா? அவன் வாயசைவுக்கு என் வாய்க்கு வந்ததைப் போட்டுவிடுவேன். வெள்ளைக்காரனுக்கு நம்ம ஊர்ப் பெயரை வைத்துவிட்டால் போதும், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் திண்டிவனத்துக்காரன். மரக்காணத்துக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஊரில் ஒரு ஆளைக்கூட எனக்குத் தெரியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஓடியது ஒரு பழைய கப்பல் படம். பெரிய கடல் நாவல் ஒன்றைப் படமாக எடுத்ததாம். கொடுமைக்காரக் கேப்டன், அவனிடம் சிக்கிய மாலுமிகள், சவுக்கடி, புயல். முதுகு கிழிந்து தொங்குவதைக் கிட்டத்தில் காட்டுவார்கள். ஆறரை மணி ஆட்டம். அளத்து ஆட்களும் குப்பத்து மீனவர்களும் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள்.

"இவன்தாம்பா நம்ம கேப்டன் குப்புசாமி! பொண்டாட்டிகிட்ட வாங்குனத இங்க வந்து திருப்பிக் குடுக்குறான்!" என்றேன். கொட்டாயே அதிர்ந்தது.

இடைவேளை முடிந்து புயல் காட்சி வந்தது. ஒரு மாலுமி தவறி விழுகிறான். கப்பல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்குகிறான். கேப்டன் வந்து அவன் விரல்களைப் பூட்ஸ் காலால் மிதிக்கிறான். நான் ஒரு நல்ல ஜோக் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்...

"அரசப்பா... அடிக்காதடா..."

நான் சொல்ல நினைத்தது அதுவல்ல. அது என் குரலும் அல்ல. கட்டையான குரல். பேசிப் பழக்கமே இல்லாததுபோல் ஒவ்வொரு சொல்லும் முட்டி மோதி வந்தது.

"துடுப்பால அடிக்காதடா... விரலு போச்சிடா... கட்டுமரத்த ரெண்டு பேரும் புடிச்சிக்கலாம்டா..."

படத்தில் துடுப்பே கிடையாது.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஆபரேட்டர் தட்சணாமூர்த்தி கேபினிலிருந்து கத்தினார். "ஏம்பா வெங்கடாசலம், இன்னாப்பா ஒளர்ற?"

நான் பல்லைக் கடித்தேன். உள்ளங்கையால் வாயைப் பொத்தினேன். விரல் இடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"நான் கலியன்டா... அடிச்சித் தள்ளிட்டு, அலை இட்டுனு போச்சின்னு ஊர்ல சொன்னியேடா..."

பெண்கள் பக்கம் யாரோ வீறிட்டாள். ஆண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் ஒரே ஆளை நோக்கித் திரும்பின. தாட்டியான ஆள். எழுந்து நின்றான். கையில் மீன் அறுக்கும் கத்தி. அவன்தான் அரசப்பன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எவன்டா ஒனக்குச் சொன்னது? கடல்ல நாங்க ரெண்டே பேருதாண்டா இருந்தோம்!"

ஆட்களை மிதித்துக்கொண்டு வந்தான். ஒருவர் அவன் காலைப் பிடித்தார். பிடித்த கையில் கத்தியை இறக்கினான். ஓடு ஓடு என்று மனசு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன கால் அசையவில்லை. என் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்தான்.

ஒரே இழுப்பு.

நெஞ்செல்லாம் சூடாக வழிந்தது. மணலில் விழுந்தேன். செத்தேன் என்றுதான் நினைத்தேன். மேலே திரையில் அந்தப் பூட்ஸ் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

குரல் நிற்கவில்லை.

வாயிலிருந்து வரவில்லை. என் கழுத்தின் வெட்டுவாயிலிருந்து வந்தது. ரத்தம் கொப்பளிக்கக் கொப்பளிக்க...

"அரசப்பா... கைய நீட்டுடா..."

அவன் கத்தியைப் போட்டான். படுதாவைக் கிழித்துக்கொண்டு உப்பளத்துக்குள் ஓடினான்.

மைக் என் கழுத்தோரம் கிடந்தது. ஸ்பீக்கர் அளம் முழுக்க அலறியது.

"கைய நீட்டுடா..."

தூரத்தில் ஒரு கூச்சல்.

மொத்...

மொத்... மொத்...

பிறகு ஒன்றுமில்லை.

மறுநாள் அவனை உப்புப் பாத்தியில் கண்டெடுத்தார்களாம். கணுக்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தானாம். இரண்டு கை விரல்களும் கூழாகியிருந்தன. வரப்பில் அவன் கால்தடம் மட்டும்தான் இருந்தது என்று தட்சணாமூர்த்தி பாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். சொல்லும்போது என் கட்டிலை விட்டு எட்டியே நின்றார்.

என் குரல்வளை அறுந்திருந்தது. மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். பல மாதத்துக்கு ஒரு முனகல்கூட வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிறகு ஒருநாள் மதியம் வயதான ஓர் அம்மாள் வந்தார். கலியனின் தாய், பெயர் குப்பம்மாள். அன்றைக்கு வீறிட்டது அவர்தான்.

"போன ஐப்பசியில பொணமா கரை ஒதுங்குனான்யா. விரலுங்க நசுங்கிக் கெடந்துது. கட்டுமரம் மோதிடுச்சின்னு அரசப்பன் சொன்னான். அந்தப் பாவி கையாலதான் எம்புள்ளைக்கி மண்ணு வாங்கிப் போட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கலியன் பொறவி ஊமைய்யா. பொறந்ததுலேர்ந்து ஒரு வார்த்த பேசுனதில்ல. எங்கொழந்த கொரலு எப்டி இருக்கும்னு அன்னிக்கி கொட்டாயிலதான் மொதமொதல்ல கேட்டேன்."



"ஒரே ஒரு தபா... என்னை அம்மான்னு கூப்புடச் சொல்லுய்யா."

முடியாது என்று கையை ஆட்டினேன். கழுத்துக் கட்டைக் காட்டினேன். அவர் நகரவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கட்டுக்குள் தையல் மெல்ல அசைந்தது.

அடுத்த கட்டில்காரர் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தார்.

"யாருங்க அது... அம்மாங்கிறது?"