தாழ்ந்த குரலில் ஒரு வீடியோ பாடம்

பள்ளி நூலகராக வேலை பார்த்துக்கொண்டே, தொலைநிலைக் கல்வியில் கல்வித் தொழில்நுட்பம் எம்.ஏ. படித்தேன். நூலகத்தில் புத்தகம் தேடுவது எப்படி என்று மாணவர்களுக்கு ஒரு வீடியோ பாடம் தயாரிக்க அந்தப் படிப்பில் சொல்லியிருந்தார்கள். அதற்கு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, கணவர் நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் சமையலறையில் பேசினால் படுக்கையறையில் கேட்கும். அதனால் போனை வாயருகே பிடித்துக்கொண்டு, முழுப் பாடத்தையும் தாழ்ந்த குரலிலேயே பேசிப் பதிவு செய்தேன்.

சாயங்காலம் அவரிடம் போட்டுக் காட்டினேன். "என்னம்மா, புக்க திருடப் போற மாதிரி பேசிக்கினு இருக்க?" என்று சிரித்தார்.

மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. மறுநாள் ஏழாம் வகுப்பு நூலகத்துக்கு வந்தபோது அதையே திரையில் ஓட்டினேன். அந்த வகுப்பு எப்போதும் சந்தைக்கடைதான்.

"மிஸ், ஒண்ணும் கேக்கல" என்றாள் முன்வரிசைப் பெண்.

"நீங்கல்லாம் பேசாம இருந்தா கேக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். அப்புறம் மின்விசிறிச் சத்தமும் என் குரலும்தான். பாடம் முடிந்ததும் முன்வரிசைப் பெண், யாரையும் கேட்காமல், விண்வெளிப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்கு நேராகப் போய் ஒன்றை எடுத்து வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் காதருகே குனிந்து, வீடியோவில் நான் பேசியது போலவே, "மிஸ், இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டாள்.