கையைக் காணோம்

கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு வருடங்களுக்கு முன் மதுரையில் நடந்தது இது. இரண்டு மாதம் எங்காவது இன்டர்ன்ஷிப் போயாக வேண்டும். உடன் படித்தவர்கள் சென்னைக்கு, டிவி சேனல்களுக்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கும் பறந்தார்கள். என்னை வீட்டில் விடவில்லை. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்ற ஒரே காரணத்துக்காக, கோரிப்பாளையத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். காது கேளாத இளைஞர்களுக்குச் சைகை மொழியும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்த்துவிடும் இடம். அவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது என் வேலை.

சும்மா சொல்லக்கூடாது, தலைக்கனத்தோடுதான் போனேன். அதுவரை அங்கே எடுத்திருந்த வீடியோக்களைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எல்லாவற்றிலும் அதே வெள்ளைச் சுவர், அதே கறுப்புச் சட்டை, இடுப்புக்கு மேலே ஒரே கோணம். பாஸ்போர்ட் போட்டோவே பரவாயில்லை என்று தோன்றியது.

அங்கே ஒருங்கிணைப்பாளராக இருந்த அக்காவின் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. பேச்சுக்கு முன்பே தனக்குச் சைகை வந்துவிட்டதாகச் சொல்வார். முதல் நாளே எனக்கு ஒரு விதி போட்டார். "எந்த வீடியோவா இருந்தாலும், அதுல பேசுறவங்களுக்குப் போட்டுக் காட்டிட்டுத்தான் வெளிய அனுப்பணும்." நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் முறை வந்தது. என் வயதுதான் அவளுக்கும். பயிற்சி முடியும் தறுவாயில், மதுரையிலேயே கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதியும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்தால் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் வீட்டில் பேச்சு. அப்பா சம்மதித்தால்தான் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போக முடியும். அவருக்கோ அறுவடை நேரம். அந்த ஊரில் வீடியோ கால் போட்டால் படம் உறைந்து உறைந்து நிற்கும். அதனால் அவள் பேசுவதைப் பதிவு செய்து, அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப முடிவானது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அக்கா வெளியே போய்விட்டார்.

வெள்ளைச் சுவரை ஒதுக்கிவிட்டு அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பேசப் பேச அவள் கண் கலங்கியது. விடுவேனா, கேமராவை முகத்துக்கு மட்டும் நெருக்கினேன். உணர்ச்சி முகத்தில்தான் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பின்னணியில் வயலின் சேர்த்தேன். அவளிடமே எழுதி வாங்கி, சொன்னதையெல்லாம் கீழே எழுத்தாக ஓடவிட்டேன். முடித்ததும் இரண்டு முறை போட்டுப் பார்த்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அவள் வகுப்பில் இருந்தாள், அக்கா வரவில்லை. அப்பாவுக்குத்தான் சைகை மொழி தெரியாதே, எழுத்துதான் இருக்கிறதே என்று நினைத்து நானே அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் அலுவலகச் செல்போன் அடித்தது. அவளுடைய அப்பா. அண்ணன் போனை அவரிடம் கொடுத்துவிட்டு நெல் ஏற்றிய டிராக்டரோடு போயிருந்திருக்கிறான்.

"எம்மகளுக்கு என்ன ஆச்சு தாயி? அழுகுறா. சோகமா என்னத்தையோ வாசிக்க விட்டிருக்கீக. கையைக் காணோமே, கையில எதுவும் அடியா?"

கீழே எழுத்து ஓடுகிறதே ஐயா என்றேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. அவ கையைப் பாத்தாத்தான் எனக்கு வெளங்கும். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வாரேன், புள்ளையக் கூட்டிட்டு வந்துருறேன்." வைத்துவிட்டார்.

வகுப்புக்கு ஓடினேன். விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, வீடியோவைப் போட்டேன். அப்போதுதான் அவள் அதை முதன்முறையாகப் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் உள்ளங்கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக் காட்டினாள். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வெட்கத்தில் செத்துவிட்டேன்.

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. ஆணியில் தொங்கிய கறுப்புச் சட்டையைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வெள்ளைச் சுவர் முன்னால் போய் நின்றாள். கறுப்புக்கு முன்னால் அவள் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தச் சட்டை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டு என்னை முறைத்தவர், அவள் பேசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

தோளில் துண்டை உதறிப் போடுவதுபோல் காட்டினாள். அப்பா. விரல்களைக் கோபுரமாகக் குவித்தாள். மதுரை. காற்றில் பத்து விரலாலும் தட்டினாள். வேலை. ஆறு விரல் காட்டினாள், ஏழாவதை விரித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் குலுங்கினாள். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஊருக்கு. இடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். அது ஹாஸ்டல் சாம்பாராம்.

"இதுல பாதி நம்ம கத்துக்குடுத்தது இல்ல" என்றார் அக்கா மெதுவாக. "அப்பாவும் மகளும் அவங்களா உண்டாக்கினது. சிலது எனக்கே புரியல."

ஒரு வீட்டில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், இரண்டே பேர் சேர்ந்து ஒரு மொழியைச் செய்து இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலையிலும் அவள் இதையேதான் பேசியிருக்கிறாள். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

எடுத்ததை இந்த முறை அவளுக்குப் போட்டுக் காட்டி, அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. அதுவும் வீடியோதான்.

மகளைக் கூட்டிப்போகக் கிளம்பியவர், கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். பின்னால் லாரிகள் பறக்கின்றன. துண்டைத் தொட்டார். கோபுரம் குவித்தார். வயல் வேலை செய்து தடித்த விரல்களால் காற்றில் தட்டினார். அழுத்தமாக ஒரு தலையாட்டல். மூக்கைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு ஆறு விரல் காட்டி, ஏழாவதை விரித்து, பஸ் கம்பியைப் பிடித்து, தன் காலடி மண்ணைச் சுட்டினார். நீ வரும்போது இங்கேயே நிற்பேன் என்று எனக்கே புரிந்தது. அவள் போனைப் பிடுங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீடியோவில் அவளுக்குக் கேட்காத ஒன்று எனக்குக் கேட்டது. போனைப் பிடித்திருந்த யாரோ ஒருவர் தொடக்கத்தில், "கிட்ட வரவாண்ணே? மூஞ்சி நல்லாத் தெரியும்" என்கிறார். அதற்கு அவர், "தள்ளி நில்லு மாப்ள. கை தெரியணும்" என்கிறார்.

இன்று கேமராதான் எனக்குச் சோறு போடுகிறது, ஆனாலும் யாராவது மனம்விட்டுப் பேசத் தொடங்கினால் அந்தக் குரல் காதில் விழுகிறது. நான் ஓரடி பின்னால் தள்ளி நிற்கிறேன்.