மிளகாய்த் தொட்டியில் உப்பு

எதிர் ஃபிளாட் பெண் நேற்று ஒரு கிண்ணம் தக்காளி கொண்டுவந்து கொடுத்தாள். பால்கனியில் விளைந்ததாம். "வாரம் ஒரு தடவை உப்புத்தண்ணி ஊத்தினேன் அங்கிள், செம ஸ்வீட்டா இருக்கும், சாப்ட்டுப் பாருங்க" என்றாள். வாங்கும்போது இரண்டு தக்காளியைக் கீழே நழுவவிட்டேன். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

செடியை வதைத்து ருசியை வரவழைப்பதை நான் முதலில் பார்த்தது ஊரப்பாக்கத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிது, ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி அறை. கீழே முன்பக்கம் வீட்டுக்காரர் மாணிக்கம், பின்பக்கம் அவருடைய தம்பி ஏழுமலை. நிலமெல்லாம் மனைகளாகிப் போனபின் மாணிக்கத்துக்கு உழ எதுவும் மிச்சமில்லை. அந்தக் கோபத்தை மொட்டைமாடி மிளகாய்த் தொட்டிகள் மேல் காட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றும். இலை துவண்டு தொங்கும்வரை தண்ணீர் காட்டமாட்டார். காயப்போட்டால்தான் காரம் ஏறுமாம். வாசலில் இருந்த எலுமிச்சை காய்க்கவில்லை என்று கிளையில் பிய்ந்த செருப்பைக் கட்டி, வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பத்தால் விளாசுவார். அவருடைய மிளகாயில் ஒன்றைக் கடித்துவிட்டு நான் அரை நாள் லீவு போட்டது ஆபீசில் ரொம்ப நாள் கேலியாக ஓடியது.

என் புத்தி சும்மா இருக்குமா? உப்புத்தண்ணீர் ஊற்றினால் தக்காளி இனிக்கும் என்று ஏதோ பத்திரிகைத் துணுக்கில் படித்து, இரண்டு தொட்டி வைத்து ஊற்றிப் பார்த்தேன். நிஜமாகவே இனித்தது. தலைக்கனம் ஏறிவிட்டது. தக்காளி இனித்தால் மிளகாய் என்ன ஆகும்?

ஏழுமலை கருவாட்டு வியாபாரி. பின்கட்டில் அந்த வாசனையோடு எப்போதும் கல்லுப்பு மூட்டை ஒன்று இருக்கும். ஊறுகாய் போடவேண்டும் என்று பொய் சொல்லி அவர் மனைவி தேவகியக்காவிடம் ஒரு பை உப்பு வாங்கினேன். மாணிக்கம் கல்யாணத்துக்கு வெளியூர் போன இரண்டு நாளில் அவருடைய எல்லாத் தொட்டியிலும் தாராளமாகக் கரைத்து ஊற்றினேன். காரச் செடிதானே, தாங்கும் என்று ஒரு கணக்கு. எப்பேர்ப்பட்ட விஞ்ஞானி, பாருங்கள்.

அவர் திரும்பி வந்த காலையில் ஒரு செடியில்கூடப் பச்சை இலை இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். பயிர் வைத்த மனிதர். துப்பினார்.

"எவன் வூட்ல உப்பு கீதுன்னு எனுக்குத் தெரியாதா?" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். அதற்குள் ஒரு தொட்டியை மண்ணோடு தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஏழுமலை கருவாடு அறுத்துக்கொண்டிருந்தார். தொட்டி அவர் தோளில் உடைந்து சிதறியது. என்ன ஏது என்று தெரியாமலே கையில் இருந்த கத்தியை வீசினார். மாணிக்கத்தின் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து தொங்கியது. அந்த ரத்தக் கையோடு தம்பியைக் கீழே தள்ளி, முதுகில் முட்டியை ஊன்றி, வலது கையைப் பின்னால் முறுக்கினார். "நான் இன்னா பண்ணேண்ணா" என்று ஏழுமலை தரையில் முகம் தேயக் கேட்டுக்கொண்டே இருந்தார். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். படியில் நின்ற எனக்கே கேட்டது.

பயம்தான். என்னையும் அடிப்பார் என்ற பயம், ரூம் போய்விடும் என்ற பயம். ஒரு மனிதன் கை ஒடிகிறபோது நான் வாடகை ரூமை நினைத்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

கை கோணலாகத்தான் கூடியது. கூடை தூக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் படப்பைக்குக் குடிபோனார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது தேவகியக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"உப்பு வாங்கினு போனியே சார், ஊறுகா போட்டியா?"

"போட்டேன்கா" என்றேன்.

 அக்கா மிச்சமிருந்த உப்பு மூட்டையை என் காலடியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அந்த வீடு இப்போது இல்லை. எலுமிச்சை நின்ற இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மாணிக்கம் போன வருஷம் போய்விட்டார், செடியைக் கொன்றது தம்பிதான் என்ற நினைப்போடேயே. சாவுக்கு ஏழுமலை வந்தாராம்; உள்ளே வராமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாராம். அண்ணனிடம் சொல்ல இனி வழியில்லை. தம்பியிடம் சொல்லலாம், இன்னும் படப்பையில்தான் இருக்கிறாராம். நான் இப்போது குடியிருப்பது முடிச்சூர் ரோட்டில். படப்பை பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. தினமும் பார்க்கிறேன். ஏறியதில்லை.