அது மடி இல்லை, டாக்டர்

நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் நான். டாக்டர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை? ஒன்றும் இல்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என்னைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவராகம் அக்கிரகாரத்திலிருந்து ஒரு பெண் மறுபடி வந்தாள். பகவதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கையும் மணிக்கட்டு வரை தோலுரிந்து, சிவந்து... இது ஐந்தாவது தடவை. நான் போட்டு அனுப்பும் கட்டு அன்றைக்கே நனைந்துவிடும். எந்நேரமும் கை கழுவுகிறாளாம்.

கூட வந்த மாமியாருக்கு அதில் பெருமைதான்.

“எங்காத்து மாட்டுப்பொண்ணு மடின்னா மடி. கைக்குழந்தையைத் தூக்கி ஒரு மாசமாச்சு. அதோட சட்டையைக் கழட்டிக் குடுத்தாக்கூடத் தொடமாட்டா. தெருவிலே அவளுக்கு ஈடு கிடையாது.”

டாக்டர் மலையாளி. எங்கள் மடி ஆசாரத்தில் தலையிடக் கூடாது என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பவர். வழக்கம்போல் களிம்பு எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் பிறந்த எவருக்கும் தெரியும் — துணியில்லாத குழந்தையைத் தொட்டால் மடி போகாது. அப்படியானால் இது என்ன?

வாயைத் திறக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. டாக்டர் அறைக்குப் போய், மேஜையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். “அது மடி இல்லை, டாக்டர். மனசுக்குப் பாக்கறவா பாக்கணும்னு தோணறது.”

“எந்தா ஸ்வாமி, கட்டுப் போட்டுப் போட்டு நீங்களும் டாக்டர் ஆயோ?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “பைத்திய ஆஸ்பத்திரிக்கு நான் லெட்டர் எழுதினா அந்த வீட்டுக்காரங்க சும்மா விடுமோ? நாளைக்கு அந்தப் பெண்ணை யாரு மதிக்கும்?”

நியாயமான பயம்தான். காலை வெட்டி எடுக்க வேண்டும் என்று பளிச்சென்று சொல்கிற டாக்டர்கள்கூட இந்த ஒரு லெட்டருக்குப் பேனாவைத் திறப்பதில்லை. டானிக் எழுதுவார்கள். காற்று மாற்றச் சொல்வார்கள். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேனே...

“குழந்தைக்கு எட்டு மாசம், ஸார்,” என்றேன். வேறு வாதம் எனக்குத் தெரியாது.

டாக்டர் எழுந்து வந்தார். பகவதியின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“மோளே, கையில அழுக்கு இருக்குன்னு தோணுதோ?”

“இல்லை டாக்டர். ஒண்ணும் இல்லைன்னு நன்னாத் தெரியறது. நிறுத்த முடியலை. என் கை பட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு...”

இதுவரை யாரும் அவளைக் கேட்கவே இல்லை.

மாமியார் முகம் வெளுத்தது. “அவளுக்குப் பைத்தியம்கறேளா?”

“இல்லை அம்மா. தப்பு என்டேதாணு. அஞ்சு தடவை கையை மாத்ரம் பார்த்தேன்,” என்றார் டாக்டர், கூடமே கேட்கும்படி. “லெட்டர் தரேன். நானும் கூட வரேன்.”

மாமியார் மருமகளின் கைக்கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “எத்தனை மணிக்கு வரணும்?”

என் மகன் பரீட்சை பாஸ் செய்த அன்றுகூட நான் இப்படி நிமிர்ந்து வீட்டுக்கு நடந்ததில்லை. கைராசி டாக்டர் எத்தனையோ பேர் உண்டு. தப்பு என்னுடையது என்று நோயாளி முன்னால் சொன்னவர் எங்கள் டாக்டர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாமியாரும் மருமகளும் ஏறிய வில்வண்டி கிளம்பியது. டாக்டர் பின்னால் சைக்கிளில் போனார்.