பந்தி வரைக்கும் வராத கல்யாண வீடியோ

பேத்தியின் கல்யாணம் ராசிபுரத்தில் நடந்தபோது என் வீட்டுக்காரி கட்டிலில் கிடந்தாள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு விரிசல் விட்டிருந்தது. நான் மட்டும் போய்த் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு, பந்தி தொடங்குமுன்பே பஸ் ஏறி நாமக்கல் திரும்பிவிட்டேன். மகன் மண்டபத்துக்கு வெளியே வண்டிகளை நிறுத்துகிற வேலையில் இருந்தான். மகள் பெண்ணைப் பெற்றவள், அவளுக்கு அன்றைக்குத் தலையா காலா என்று தெரியாது.

வந்ததும் வராததுமாக வீட்டுக்காரி என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்.

"எந்தம்பி கை நனைச்சானா?"

எங்கள் பக்கம் மனத்தாங்கல் உள்ள வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். விசேஷத்துக்கு வருவார்கள், மணமக்கள் தலையில் அரிசி போடுவார்கள், இலையில் உட்காராமல் போய்விடுவார்கள். வந்தது ஊருக்காக. சாப்பிட்டால்தான் உறவு. அவளுக்கும் அவள் தம்பிக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆயிற்று. அவர்கள் அப்பன் வெட்டின கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் வந்த சண்டை. இன்றைக்கு அந்தக் கிணற்றில் தண்ணீரே இல்லை, ஆழ்துளை போட்டு ஆளுக்கொரு பக்கம் பாய்ச்சுகிறார்கள். சண்டை மட்டும் நிற்கிறது.

தம்பி வந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சாப்பிட்டான் என்று ஒருத்தர், சாப்பிடாமல் போனான் என்று இன்னொருத்தர். அவள் யாரையும் நம்பவில்லை. "வீடியோவுல பாத்துக்கறேன். கை நனைச்சிருந்தா நானே போன் பண்ணறேன். இல்லீன்னா இந்தப் பேச்ச இத்தோட உட்டுருங்க" என்றாள்.

முன்னெல்லாம் வீடியோ எடுக்கிறவர்கள் கேசட் கொடுத்தார்கள், பிறகு வட்டுக் கொடுத்தார்கள். இப்போது போனில் ஒரு லிங்க் வருகிறது. அதைத் தொட்டு நாமே இறக்கிக்கொள்ள வேண்டுமாம். மகன் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். பட்டறை ஆபீஸ் லேப்டாப்பை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்தான். அதில் இடம் இல்லை என்று, புதுப் பென் டிரைவ் ஒன்றைச் செருகி நேராக அதற்குள்ளேயே இறக்கினான். கல்யாணம் மொத்தமும் ஒரே வீடியோ, பதினோரு ஜிபி. பென் டிரைவ் அறுபத்துநாலு.

நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு கோடு இடப்பக்கமிருந்து மெல்ல நிரம்பிக்கொண்டு போகிறது. மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றது. மகன் படித்துச் சொன்னான், "இடம் பத்தலையாமா."

"அறுபத்துநாலுல பதினொண்ணு புடிக்காதா?"

"அதானுங்கப்பா புரியல."

வந்தவரைக்காவது போட்டுப் பார்ப்போம் என்றால் அதுவும் ஓடவில்லை. எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பாதி வழியில் வண்டி நின்றால் ஏற்றின பாரத்தையாவது இறக்கிக்கொள்ளலாம். இங்கே பாதி வந்தது வராததற்குச் சமம்.

மறுபடி ஓட்டினான். அதே இடத்தில் நின்றது. சிக்னல் சரியில்லை என்று மொட்டை மாடிக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனான். அங்கேயும் அதே இடம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினவன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டப் படித்ததே முன்னால் போகிற லாரிகளின் முதுகில்தான். ஒரு வண்டி ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே நின்றால் கோளாறு வண்டியில். எந்த வண்டி வந்தாலும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு ரோட்டில். இதை மகனிடம் சொன்னேன்.

"சும்மா இருங்கப்பா, பெரிய பென் டிரைவ் வாங்கிட்டாப் போவுது" என்றான்.

அதுதான் நாமக்கல்காரன் புத்தி. சரக்கு ஏறவில்லையா, பெரிய வண்டி எடு. ஆறு சக்கரம் போதாதென்றால் பத்து, பத்து போதாதென்றால் பன்னிரண்டு. பட்டறையில் பாடி கட்டிக் கட்டி அவனுக்கு வேறு யோசனையே வராது. நூற்றிருபத்தெட்டு வாங்கி வந்தான். அதே கோடு, அதே இடம். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துபோனான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. இத்தனை கறாராக ஒரே இடத்தில் நிற்கிற பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

கட்டிலிலிருந்து அவள் கேட்டாள், "பந்தி வந்துருச்சா?"

"இன்னும் தாலியே கட்டலியாட்டம் இருக்குது."

"என்னத்தத்தான் நாள்பூரா பாக்கறீங்களோ. லாரிக் கிளீனராட்டம் அது பக்கத்துலயே குக்கி உக்காந்துக்கிட்டு."

மறுநாள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நடத்துகிறது ஒரு பொம்பளை, நாற்பது வயதிருக்கும். ஆதார் பிரிண்ட், கரண்ட் பில், எல்லாம் அங்கேதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒரே பைலுங்களா?" என்றாள்.

"ஆமா அம்மிணி, ஒண்ணேதான்."

"நாலு ஜிபிக்கிட்ட நின்னுருக்குமே."

எனக்குச் சிலிர்த்தது. பார்க்காமலே இடத்தைச் சொல்கிறாள்.

"இடம் நெறைய இருக்குதுங்கய்யா. ஆனா இதுல பைல எழுதி வெக்கிற முறை பழசு. ஒரு பைல் எவ்வளவு நீளம்னு குறிச்சு வெக்கறதுக்கு இத்தன கட்டந்தான்னு உட்டிருக்கறாங்க. அந்தக் கட்டத்துல நாலு ஜிபிக்கு மேல எழுத முடியாது. சின்னச் சின்னதா எத்தன வேணா போடலாம். ஒண்ணாப் பெருசா வந்தா ஏத்துக்காது."

"பொறவு எதுக்கு இடமில்லைன்னு பொய் சொல்லுது?"

"அதுக்கு அந்த ஒரு வார்த்ததானுங்க தெரியும்."

கட்டம் என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான் ஓட்டின பழைய லாரிகளில் கிலோமீட்டர் காட்டுகிற மீட்டருக்கு ஐந்து ஜன்னல்தான். ஐந்திலும் ஒன்பது வந்து நின்றால், அடுத்த கிலோமீட்டரில் எல்லாம் சைபர். வண்டி இன்னும் ஓடும், எழுதத்தான் ஜன்னல் இல்லை. அதனால்தான் பழைய வண்டி வாங்க வருகிறவன் மீட்டரைப் பார்க்க மாட்டான், கிளட்ச் பெடலில் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பான். ஒரு தடவை ஒரு வியாபாரி பெடலுக்கும் புது ரப்பர் போட்டுவைத்தான். வாங்க வந்தவன் டிரைவர் சீட்டுக் குழியைப் பார்த்து, "இதுல எந்த ஆனைங்க உக்காந்துச்சு?" என்று கேட்டான். அந்த மீட்டராவது சைபருக்குப் போய் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இது நின்றுவிடுகிறது. ஒருவகையில் இது யோக்கியம்தான்.

"அப்பவே கட்டத்த எச்சா உட்டிருக்கலாமே" என்றேன்.

"ஒரே பைல் இத்தாப் பெருசா வரும்னு அன்னைக்கு ஆருங்க நெனச்சாங்க?" என்றாள். கட்டம் கூட்டின புது முறை இருக்கிறதாம். அதற்கு மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டு மாற்றினாள். மகனுக்குப் போன் போட்டு லிங்கை வாங்கி, அவள் கடையிலேயே இறக்கினாள். கோடு அந்த இடத்துக்கு வந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தாண்டிப் போயிற்று.

வீட்டில் டிவியில் செருகினால், டிவி இப்படியொரு பொருளே செருகப்படவில்லை என்கிறது. எங்கள் டிவி பழசு. பழைய முறை மட்டும்தான் அதற்குப் படிக்கத் தெரியும், என்னைப்போல. கடைக்குப் போன் போட்டேன். "அப்படின்னா பழையபடியே மாத்தி, வீடியோவ மூணு துண்டாப் போட்டுத் தாரனுங்க. ஒவ்வொண்ணும் நாலுக்குள்ள அடங்கிரும்" என்றாள்.

துண்டு என்ற சொல் கட்டிலுக்குக் கேட்டுவிட்டது.

"வெட்டறாங்களா? எந்த எடத்துல வெட்டறாங்க?"

"எங்கியோ நடுவுல."

"பந்தியில வெட்டீட்டாங்கன்னா? அவன் உக்காந்திருக்கற எடத்துல வெட்டிப்போட்டா நான் எங்க போயித் தேடுவேன்? போயி நின்னு பாத்து வெட்டச் சொல்லுங்க."

போய் நின்றேன். கடைக்காரியிடம் விஷயத்தையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பந்தி தொடங்குகிற இடத்தைத் தேடி, இலை போடுவதற்கு முன்னாலேயே வெட்டி, மூன்றாவது துண்டை முழுக்கப் பந்தியாகவும் வழியனுப்பாகவும் வைத்துக் கொடுத்தாள். "வெட்டுனதுல ஒரு சொட்டுக்கூடச் சிந்தலீன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டில் இருந்தான். தலையணை வைத்து வீட்டுக்காரியைச் சாய்த்து உட்கார வைத்தோம். முதல் துண்டைப் போடப் போனவனை, "மூணாவதப் போடு" என்றாள். பேத்தி கல்யாணத்தைப் பாயசத்திலிருந்து பார்க்கத் தொடங்கினோம்.

வரிசை வரிசையாக இலைகள், தலைகள். காமிரா யாருக்கும் காத்திராமல் நகர்கிறது. இரண்டாவது வரிசைக் கடைசியில் நீலச் சட்டை.

"நிறுத்துடா."

நிறுத்தினான். தம்பி மெலிந்திருந்தான். சோற்றில் குழி பறித்து, ரச வாளிக்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் சோறு. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். டிவி தானாக இருட்டிக்கொண்டது, மகன் மறுபடி தட்டிவிட்டான்.

"போனக் கொண்டா."

எண்ணை அவளே மனசிலிருந்து சொன்னாள், மகன் அழுத்தினான். மறுபக்கம் "ஆருங்க?" என்றது சத்தமாகவே கேட்டது.

"நாந்தான்."

அவள் கண் டிவியில் நின்ற நீலச் சட்டை மேலேயே இருந்தது.

"ரசம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அக்கா... உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க."

"உனக்கு எந்தூட்டு ரசந்தான் உப்புச் சரியா இருந்துச்சு."

மகன் ரிமோட்டை வைத்துக்கொண்டு, தாலி கட்டுவதைப் போடட்டுமா என்று சைகையில் கேட்டான். பொறு என்று கையைக் காட்டிவிட்டு, அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.