செத்தவர்களுக்கான தாள்காசு

சீனர்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எரிக்கும் தாள்காசை நான் சேர்க்கிறேன். முத்திரை சேர்ப்பவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, என்னிடம்தான் கேட்கிறார்கள். சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எனக்கு வேலை. முடிந்து மெட்ரோவுக்கு நடக்கிற வழியில் சைனாடவுன். ஒரு ஏப்ரல் மாதம் அங்கே ஒரு கடை வாசலில், கரைந்த பனிச் சேற்றுக்குள் ஒரு நோட்டு கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கால்சட்டைப் பைக்குள் தள்ளினேன். மெட்ரோவுக்குள் எடுத்துப் பார்த்தால் பத்துக் கோடி டொலர், மேலே ஆங்கிலத்தில் நரக வங்கி என்று எழுதியிருந்தது. என் பேராசைக்கு நல்ல கூலி.

அடுத்த வாரம் அதே கடைக்குள் போய் ஒரு கட்டு வாங்கினேன். பஸ் டிக்கெட்டை விட மலிவு. இப்போது மூன்று அல்பங்கள் நிறைந்துவிட்டன. பெரும்பாலான நோட்டுகளில் தாடி வைத்த ஒரு சக்கரவர்த்தி இருப்பார். சில கட்டுகளில் அவருடைய தாடி ஒரு தாளில் கறுப்பாகவும் அடுத்த தாளில் பச்சையாகவும் அச்சாகியிருக்கும். அப்படிப் பிழையாகிப்போன தாள்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்க டொலர் மாதிரியும் யூரோ மாதிரியும் அடிக்கிறார்கள். கனேடிய டொலர் மாதிரி ஒன்று எனக்கு இன்னும் அகப்படவில்லை. செத்த பிறகும் எங்கள் காசுக்கு மதிப்புக் குறைவுதான் போலிருக்கிறது.

என் மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நாங்கள் கத்தோலிக்கர்.

"மாதா சுருவத்துக்குக் கீழை நரகத்துக் காசை அடுக்கி வச்சிருக்கிற ஒரே வீடு ரொக்ஸ்பரோவிலை எங்கடைதான்" என்பாள்.

அது எங்கள் நரகம் இல்லை, நல்லவர் கெட்டவர் எல்லோரும் போகிற இடம் என்று விளக்கினேன்.

"அப்ப நீங்கள் முதல் போங்கோ."

அல்பங்களைப் பேஸ்மென்டுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு எங்களோடு இருக்க வந்த அம்மா, முழங்கால் வருத்தத்தால் அங்கே இறங்குவதில்லை. அதனால் அவர் இந்தக் காசைக் கண்டதே இல்லை.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில் கடைக்காரப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுவானது அரைகுறைப் பிரெஞ்சு. ஒவ்வொரு முறையும் "யாருக்கு?" என்று கேட்பார். யாருக்கும் இல்லை, சேர்க்கிறேன் என்பேன். அவருக்கு அது பிடிக்காது. உயிரோடிருப்பவர்கள் இதை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம், எரித்துவிட வேண்டுமாம். இந்த வசந்தத்தில் நான் வாங்கிய கட்டுகளின் மேல் ஒரு பெரிய மஞ்சள் உறையையும் வைத்தார். செத்தவரின் பெயர், ஊர், செத்த நாள் மூன்றையும் அதில் எழுதி, காசை உள்ளே வைத்து எரித்தால்தான் உரியவருக்குப் போய்ச் சேரும், இல்லாவிட்டால் வழியில் நிற்கும் அநாதை ஆவிகள் பறித்துக்கொள்ளும் என்றார்.

"எந்த மொழியில் எழுதுவது?" என்று கேட்டேன்.

"அவர் வாசிக்கிற மொழியில்."

யாருக்கும் இல்லை என்று சொல்பவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

என் அண்ணன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை, கண்டதாகச் சொல்லவும் ஆளில்லை. இங்கே வருவதற்கு முன் அம்மா அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடிப் போராடும் மற்றத் தாய்மாரோடு வெயிலில் வீதியோரம் இருந்தவர். ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் பூசைக்கு மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம். அப்பா, மாமா, சின்னம்மா என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அண்ணனின் பெயரை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அண்ணன் இல்லை என்பதை நான் எப்போதோ மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன். அதை அம்மாவிடம் சொல்லத்தான் பயம். சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று பயந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மனைவி வேலைக்குப் போய்விட்டாள், அம்மா படுத்திருந்தார். பெயர் எழுதிய உறை ஒன்று அல்பத்தில் இருந்தால் நல்லது என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு, குசினி மேசையில் உட்கார்ந்து தமிழில் அண்ணனின் பெயரை எழுதினேன். கீழே எங்கள் ஊரை எழுதினேன். நாளுக்கான கோட்டை வெறுமையாக விட்டேன். ஒரு கட்டுக் காசை உள்ளே வைத்துவிட்டு, மெஷினில் கிடந்த உடுப்புகளை எடுக்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அம்மா அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் அவருடைய பர்ஸ்.

இந்த வீட்டிலிருந்து எத்தனையோ வருடங்களாக ஊருக்குக் காசு போகிறது. ஒரு பெயரும் ஊரும் காசும் ஒன்றாக இருந்தால் அம்மாவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"தம்பி, கொண்ணனுக்கே காசு அனுப்புறாய்? ஆளைக் கண்டுபிடிச்சிட்டியே?" உறையைத் தூக்கிக் காட்டினார். "உது எந்த நாட்டுக் காசு? அங்கையே இருக்கிறான்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவருடைய முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கண்டு எத்தனை காலம். பர்ஸைத் திறந்து இருந்த நோட்டுகளை எல்லாம் என் பக்கம் நீட்டினார்.

"இந்தா, என்ர பென்சன் காசையும் சேர்த்து அனுப்பு. என்னத்தைச் சாப்பிடுறானோ, பாவம்."

கையிலிருந்த உடுப்புக் கூடையை நிலத்தில் வைத்தேன். ஒரு பொய் வாய் நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அடுத்த நாளிலிருந்து அவர் அண்ணனின் பதிலுக்குக் காத்திருந்திருப்பார்.

"அம்மா, உது செத்த ஆக்களுக்கு அனுப்புற காசு. சீனச் சனம் எரிக்கிறது."

சிரிப்பு போய்விட்டது. என்னைப் போட்டு ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கதிரையை இழுத்து இருந்தார். உறையை மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். விரல் பெயரையும் ஊரையும் தாண்டி, வெறும் கோட்டில் வந்து நின்றது.

"இதிலை என்ன எழுத வேணும்?"

"செத்த நாள் அம்மா."

அவர் பேனையை எடுத்து அந்தக் கோட்டில் வைத்தார்.

"எனக்கும் தெரியாதே ராசா" என்றார்.